அலமாரிக்குள் விழுந்த அடிகள்

தூவனூரில் மனிதர்மேல் ஓங்கிய அடி மனிதர்மேல் விழாமல், வேலுத்தாயின் அலமாரிக்குள் உலர்ந்துகொண்டிருந்த ஸ்ட்ராபெரித் துண்டுகளின்மேல் போய் விழத் தொடங்கியது ஒரு தை மாதத்தில். அதற்கு முன்புவரை அந்த ஊரில் அடிகள் விழ வேண்டிய இடங்களில்தான் விழுந்துகொண்டிருந்தன. மனைவியரின் முதுகிலும், பிள்ளைகளின் கெண்டைக்காலிலும், வரப்பைத் தாண்டி மண்வெட்டி போட்டவனின் தோளிலும், குடித்துவிட்டுத் திரும்பும் அண்ணனின் வாயிலும் அவை முறைப்படி விழுந்தன. விழுந்த இடம் கன்றியது, கன்றிய இடத்தில் மஞ்சளும் உப்பும் வைத்துக் கட்டினார்கள், கட்டு அவிழ்ந்ததும் மறுபடி விழுந்தது. இதை ஒரு செய்தியாக யாரும் கருதியதில்லை.

மேகம் வாசலுக்குள் நுழைந்து பாத்திரங்களை நனைத்துவிட்டுப் போகும் உயரத்தில் இருந்த ஊர் அது. பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுவந்த சரிவுகளில் சில வருடங்களாக ஸ்ட்ராபெரியும் போட்டார்கள். ஆனால் அந்தப் பழம் பறித்த மறுநாளே தளர்ந்துவிடும். மலைப்பாதையில் ஜீப் குலுங்குகிற குலுக்கலில் பாதி கூழாகிவிடும். ஆகவே வேலுத்தாய் அதை வீட்டிலேயே உலர்த்தக் கற்றுக்கொண்டாள். அவளுக்குச் சீதனமாக வந்த துணி அலமாரியின் அடித்தட்டில் குண்டு பல்புகளைப் பொருத்தி, மேலே மூங்கில் தட்டுகளை அடுக்கி, கதவை ஒரு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து வைத்தாள். உள்ளே விட்ட கை சுடாமல், அதே சமயம் நீண்ட நேரம் இருக்கவும் விரும்பாமல் திரும்பி வர வேண்டும். அதுதான் சரியான சூடு. சூடு மிஞ்சினால் மேற்புறம் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டு, காய்ந்தது போல் நடித்துக்கொண்டே புளித்துவிடும்.

உலர்த்துவதில் அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்தவள் அல்லள். பனி காய்ந்த பிறகே பறிக்க வேண்டும். காம்போடு கழுவித் துணியில் ஈரம் ஒற்றிய பின்புதான் காம்பைக் கிள்ள வேண்டும். முன்பே கிள்ளினால் தண்ணீர் உள்ளே இறங்கிச் சுவை வெளியேறிவிடும். எல்லாத் துண்டும் ஒரே கனம். வெட்டிய முகம் மேலே, தோல் கீழே. கவிழ்த்து வைத்தால் சாறு தட்டுக்குப் போய்ச் சேரும், தின்பவனுக்குச் சக்கைதான் மிஞ்சும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அடிபட்ட பழத்தை அவள் தட்டில் ஏற்றமாட்டாள். விரல் அழுந்திய தடம் இருந்தால்கூட அது ஆட்டுக்குப் போய்விடும்.

முதல் அடியை ஓங்கியவன் அவள் கணவன் தவசி. தோட்டத்திலிருந்து நனைந்து வந்தவன் காலுறையையும் கம்பளிக் குல்லாவையும் உருவி அவளிடம் நீட்டினான்.

"இதை அலமாரிக்குள்ள தொங்கவிடு. காலையில பூண்டு ஏத்தப் போகணும்."

"பழம் வாடை பிடிச்சுக்கும். அடுப்புக்கு மேல கொடியில போடுங்க."

"உங்கப்பன் வீட்டு அலமாரின்னு சொல்லிக் காட்டுறியா?"

"எங்கப்பன் வீட்டுதுதான். அதுக்காகச் சொல்லல. பழத்துக்காகச் சொல்றேன்."

அவன் ஓங்கி அறைந்தான். அவள் கன்னத்தில் காற்று மட்டும் பட்டது. அறைந்த சத்தம் அலமாரிக்குள்ளிருந்து வந்தது. அவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். பிறகு இடுப்பு வாரை உருவி அவள் முதுகில் விளாசினான், ஒவ்வொரு விளாசலுக்கும் அலமாரிக் கதவு அதிர்ந்தது, அவளோ மழை நிற்கக் காத்திருப்பவள்போல் நின்றாள். "இன்னைக்குக் கை சரியில்ல," என்று முணுமுணுத்துவிட்டு அவன் சாப்பிட உட்கார்ந்தான்.

அவன் உறங்கிய பின் அவள் கதவைத் திறந்தாள். மேல்தட்டின் நடுத் துண்டில் ஐந்து விரலும் கருஞ்சிவப்பாகப் பதிந்திருந்தன. கட்டைவிரல் கோணல்கூடத் தெரிந்தது. அடுத்த வரிசையில் வாரின் அகலத்துக்குத் துண்டுகள் நசுங்கி, சாறு அலமாரியின் சுவரில் தெறித்திருந்தது. அவளுக்கு முதலில் வந்தது எரிச்சல். நல்ல பழம், பாழாகிவிட்டது. கெட்டதைத் தனியே ஒதுக்கி உலர்த்தி முடித்தவள், எதையும் வாயில் வைத்துப் பார்க்காமல் எறிவது வழக்கமில்லை என்பதால், ஒன்றைக் கடித்தாள். அதுவரை அவள் உலர்த்திய எந்தப் பழத்திலும் இல்லாத சுவை அது. இனிப்புக்கு அடியில் ஓர் இனிப்பு, அதற்கும் அடியில் இரும்பைப் போல ஒன்று, விழுங்கிய பிறகும் நாக்கை விடாமல் பிடித்துக்கொள்கிற ஒன்று. அவள் அந்த ஜாடியை மூடி, மற்ற ஜாடிகளுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

மறுவாரம் பக்கத்து வீட்டு மாரீஸ்வரி ஓடி வந்தாள். கல்யாணமாகி வந்து வருடம் திரும்பாத பெண். கணவன் செல்லப்பாண்டி விறகு வெட்டுகிறவன், அவன் தோளைப் பார்த்தே அவளைக் கொடுத்திருந்தார்கள்.

"அக்கா, இந்தக் கையைப் பாருங்க. விறகுக் கட்டையால போட்டாரு. கட்டைதான் ரெண்டா ஒடிஞ்சுச்சு. எனக்கு எறும்பு கடிச்சாப்புலகூட இல்ல."

வேலுத்தாய் அலமாரியைத் திறந்தாள். ஒரு துண்டு குறுக்கே முறிந்து, முறிவின் விளிம்பு நார் நாராகப் பிளந்து கிடந்தது. மாரீஸ்வரி அதைப் பார்த்தாள், தன் முழங்கையைத் தடவினாள், பிறகு சிரித்தாள். குழாயடிக்குப் போகும்வரை அந்தச் சிரிப்பு நிற்கவில்லை. குழாயடியிலிருந்து ஊருக்கே செய்தி போயிற்று.

ஊரின் பெரியதனமான வீரணன் அவசரப்பட்டு எதையும் நம்புகிறவர் அல்லர். வேலுத்தாயின் முற்றத்தில் ஊரைக் கூட்டி, சோதிக்க வேண்டும் என்றார். யாரை அடிப்பது என்று கேட்டார்கள். என்னையே அடியுங்கள் என்று அவர் துண்டை உதறித் தோளில் போட, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அவருடைய மச்சினன் கையைத் தேய்த்துக்கொண்டே முன்னால் வந்தான்.

"ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு மாமா. உத்தரவு குடுங்க."

"ஒண்ணு போதும்டா."

அவன் மூன்று கொடுத்தான். பெரியதனம் அசையாமல் நின்றார், அலமாரி மூன்று முறை அதிர்ந்தது, ஊர் வாய்விட்டுச் சிரித்தது. காரணம் என்னவாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் பேசினார்கள். பல்பின் வெளிச்சம் என்றான் ஒருவன், மலைத் தெய்வத்தின் இரக்கம் என்றாள் ஒருத்தி. ஆனால் மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டு யாரும் விதைப்பைத் தள்ளிப்போடுவதில்லை அல்லவா? ஆகவே அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு ஏற்பாடுகளைப் பேசத் தொடங்கினார்கள்.

"அடிக்கிற வீட்டுக்காரன் அதுக்குண்டான பழத்தைக் கொண்டாந்து வேலுத்தாய்கிட்டச் சேத்துரணும்," என்று தீர்ப்புச் சொன்னார் பெரியதனம். "கரண்டு நின்னுபோனா கரிச்சட்டி வைக்க, ஊரு முறை போட்டுக் கரி குடுக்கும். தட்டு காலியா இருக்கக் கூடாது."

"என்னை யாரும் கேக்கலையே," என்றாள் வேலுத்தாய்.

"கேக்க என்னம்மா இருக்கு. பழம்தானே காயப்போடுற. அதைத்தானே போடச் சொல்றோம்."

இப்படியாக அது ஊர் வழக்கமாயிற்று. அதற்கு முன் காவல் நிலையத்துக்கு அஞ்சியும், பெண் கொடுத்த வீட்டுக்கு அஞ்சியும், தன் கோபத்துக்குத் தானே அஞ்சியும் பாதியில் நின்ற கைகள் எல்லாம் இப்போது முழுத் தூரம் போகத் தொடங்கின. காலையில் மனிதர்கள் ஒரு கூடைப் பழத்தை வேலுத்தாயின் வாசலில் வைத்துவிட்டு, கடமையை முடித்தவர்களின் நிம்மதியோடு வீட்டுக்குப் போய் அடித்தார்கள். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்தியிருந்த அண்ணனும் தம்பியும் மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கி, ஒருவர் மண்டையில் ஒருவர் மாறி மாறிப் போட்டுவிட்டு, களைத்துப்போய் ஒரே பாறையில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிரம்பை வைத்துவிட்டு உருட்டுக்கட்டைக்கு மாறினார். பிள்ளைகள் பந்தை விட்டுவிட்டுக் கல்லெறிந்து விளையாடினார்கள்; நெற்றிக்கு நேராக எறிந்து, நெற்றி கலங்காமல் இருப்பதைக் கண்டு கைகொட்டினார்கள். பங்குனித் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்று மேலத்தெருவும் கீழத்தெருவும் அரிவாளோடு மோதின. கழுத்தில் வெட்டு வாங்கியவன் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, வெட்டியவனிடமே நெருப்புப் பெட்டி கேட்டு வாங்கினான்.

அந்த நேரமெல்லாம் வேலுத்தாய் அலமாரியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊரில் யாருடைய உடம்பிலும் காணாதது எல்லாம் அவளுக்குத்தான் காணக் கிடைத்தது. திருவிழா நாளில் தட்டுகள் துள்ளின; துண்டுகள் கிழிந்தன, பிளந்தன, கூழாகிக் கதவின் இடுக்கு வழியே வழிந்து தரையில் ஓடின; அவள் வாளியும் துணியுமாகத் துடைத்துத் துடைத்துக் கை சிவந்து, அந்தச் சிவப்பு நகக்கண்ணில் ஏறி, சோப்புக்குப் போகாமல் தங்கிவிட்டது. எந்தத் தடம் எந்தக் கை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மோதிரம் போட்ட அறை மளிகைக் கடைக்காரனுடையது. குதிகாலால் மிதிப்பது பெரியதனத்தின் மூத்த மகன். சின்னஞ்சிறு தழும்புகள் வரிசையாக வந்தால் அது பள்ளிக்கூடம். பழத்துக்குத் தலை என்று ஒன்று இருந்திருந்தால் உடைந்திருக்கும் என்று சொல்லத்தக்க அடிகள் செல்லப்பாண்டியிடமிருந்து வந்தன. நாளுக்கு நாள் அவை ஆழமாயின.

அவள் இன்னொன்றையும் கவனித்தாள். பறித்த பச்சைப் பழம் அடியை வாங்கவில்லை. உலர்ந்து முடித்து ஜாடிக்குப் போனதும் வாங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில், தட்டில் வெதுவெதுப்பாகக் கிடக்கும் பழம்தான் வாங்கியது. அதிலும் ஏற்கெனவே அடிபட்ட துண்டு இரண்டாம் அடியை ஏற்காது. அந்த அடி பக்கத்தில் நன்றாக இருக்கும் துண்டைத் தேடிப் போயிற்று.

மலையடிவாரத்து டவுனில் சுற்றுலாக்காரர்களுக்குச் சாக்லேட்டும் தைலமும் உலர்பழமும் விற்கிற ஜெயசீலன், மாதம் ஒருமுறை சரக்கெடுக்க வருவான். கன்றிய பழத்தை வேலுத்தாய் அவனுக்குக் கொடுப்பதாக இல்லை; தவசிதான் பின்வரிசை ஜாடியை இழுத்துத் திறந்து காட்டினான். ஜெயசீலன் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, வெகுநேரம் திறக்கவில்லை.

"அக்கா, இது என்ன ரகம்?"

"அதே ரகம்தான். அடிபட்டது."

"அடிபட்டதுன்னா இப்படியா இருக்கும். நான் எத்தனை ஊர்ப் பழம் தின்னிருக்கேன். இனிமே வெளிறின சரக்கு எனக்கு வேண்டாம், இந்தக் கறுப்புச் சரக்கையே குடுங்க. எவ்வளவு கறுக்குதோ அவ்வளவு நல்லது."

அன்றிலிருந்து ஊருக்கு அடிப்பதில் ஒரு பொறுப்பும் வந்துவிட்டது. சும்மா தட்டுகிறவனை, "ஏம்ப்பா, பழத்தை வீணாக்குற, நல்லாத்தான் போடேன்," என்று கடிந்தார்கள். அடி வாங்குகிறவர்களும், வலிக்காத காரியத்துக்கு முறைத்துக்கொள்வானேன் என்று தோதாக நின்று கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் கூடி, கம்பும் கட்டையுமாக ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது ஒரு களிப்பாகவே ஆயிற்று. பெண்களும் வந்தால் அடிக்கலாம் என்றார்கள். சிலர் வந்து, மாமியார்களை அடித்தார்கள். வேலுத்தாய் போகவில்லை. அவள் தன் வாழ்நாளில் யார்மேலும் கை வைத்தவள் அல்லள். ஆட்டைக்கூட வாயால்தான் ஓட்டுவாள்.

சித்திரையில் ஒருநாள் மாரீஸ்வரி வந்து, அலமாரிக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கண் மட்டும் குழிக்குள் போயிருந்தது.

"வலிக்கலைதானே உனக்கு?" என்று வேலுத்தாய் கேட்டாள்.

"வலிக்கல அக்கா. அதான்." அவள் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "முன்னெல்லாம் நான் கத்துனா நிறுத்துவாரு. ரத்தம் பாத்தா அவரே மஞ்சப்பத்து அரைச்சுப் போடுவாரு. இப்பக் கத்துறதுக்கு ஒண்ணும் இல்ல. எப்ப நிறுத்தணும்னு அவருக்கும் தெரிய மாட்டேங்குது, எனக்கும் தெரிய மாட்டேங்குது. அவரு களைச்சுப்போற வரைக்கும் நின்னுக்கிட்டு இருக்கேன்."

வேலுத்தாய் கத்தியைத் துடைத்து வைத்தாள். அன்றுதான் அவள் மனதில் அந்தக் கணக்கு முழுதாகக் கூடி வந்தது. வைகாசி மழை இறங்கினால் செடியில் பழம் நிற்காது. நின்ற பழமும் தூறலில் அடிபட்டுத் தட்டுக்கு ஆகாது. பழம் தீர்ந்துபோகும் நாளில், ஊரிலுள்ள கைகளெல்லாம் முழுத் தூரம் போகப் பழகிய கைகளாக இருக்கும். அவற்றுள் எது முதலில் ஓங்கினாலும் அதற்கு நிறுத்தத் தெரியாது. எது முதலில் ஓங்கும் என்பதிலும் அவளுக்கு ஐயமில்லை. அந்தக் கையின் ஆழத்தை அவள் தினமும் தட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள். பழம் தீர்ந்த அன்று மாரீஸ்வரி சாவாள்.

அவள் பெரியதனத்திடம் போய்ச் சொன்னாள். "பழம் முடியப்போகுது. இப்பவே ஊரைக் கூட்டி அடிக்கிறதைக் குறைக்கச் சொல்லுங்க. பழக்கம் விட நாள் ஆகும்."

"பழம் முடிஞ்சா கேரட்டைப் போடு ஆத்தா."

"போட்டுப் பாத்தேன். கேரட் அடி வாங்கல. உருளைக்கிழங்கும் வாங்கல."

"ஜெயசீலன் வெளியூர்ல இருந்து எறக்கித் தர்றேன்னு சொல்லியிருக்கான்."

"ஜீப்புல வர்ற பழம் வழியிலேயே அடிபட்டுருது. அடிபட்டது வாங்காது."

"நீ ஒருத்தி, எதுலயும் ஒரு நொட்டை சொல்லிக்கிட்டு," என்று அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். அவருக்கு அவசரம், மருமகனை அடிக்க வேண்டியிருந்தது.

அவள் வீடு வீடாகவும் போனாள். கேட்டவர்கள், பழத்தைப் பதுக்கி வைத்துக்கொண்டு பயமுறுத்துகிறாள் என்றார்கள். பெண்களோ அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்திவிடாதே தாயே, எப்படியாவது காயப்போட்டுக்கொண்டே இரு என்று கெஞ்சினார்கள். இரண்டு பேச்சிலும் அவள் கேட்டது ஒன்றுதான்: தட்டு காலியாகும் நாளைப் பற்றி நினைக்க அந்த ஊரில் யாருக்கும் விருப்பமில்லை.

வைகாசியின் முதல் மழை இறங்கிய வாரம், ஜெயசீலன் வந்து கறுப்புச் சரக்கையும் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு, இதைவிட ஆழமாக ஒன்று கிடைக்குமா என்று கேட்டான். மந்தையில் நின்ற செல்லப்பாண்டி தொடையைத் தட்டினான். கட்டையால் அடித்த பழமே இப்படி என்றால் கோடாலி இறங்கிய பழம் எப்படி இருக்கும் என்று பார்த்துவிடலாம் என்றான். வருகிற வெள்ளிக்கிழமை, மந்தை நடுவில், தன் மனைவியின் உச்சந்தலையில், ஊர் பார்க்க இறக்குகிறேன் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாரீஸ்வரி சரி என்றாள். வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியாமல் போய் நாளாகியிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலமாரியில் ஒரே ஒரு தட்டுதான் இருந்தது. அதில் அடிபடாத துண்டுகள் கொஞ்சமே. கோடாலியை அவை வாங்கியிருக்கலாம். வாங்கிய பின் ஊர் இன்னும் கொஞ்சம் துணிந்திருக்கும், அடுத்த கை இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கும், அந்தக் கை இறங்கும் நேரம் தட்டு காலியாக இருந்திருக்கும். வேலுத்தாய் தட்டை எடுத்து, நல்லதையும் கெட்டதையும் சர்க்கரையோடு வாணலியில் கொட்டி, கரண்டியால் மசித்துக் கொதிக்கவிட்டாள். கூழான பழம் எதையும் வாங்காது. ஊர் முழுக்க மந்தையில்தான் இருக்கிறது, இந்த நேரத்தில் வேறெங்கும் கை ஓங்காது என்பதை வாசலில் நின்று காது கொடுத்து உறுதி செய்துகொண்டாள். பல்புகளை அணைத்தாள். முகம் கழுவி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மந்தைக்கு விரைந்தாள்.

மாரீஸ்வரி நடுவில் மண்டியிட்டிருந்தாள். செல்லப்பாண்டி கோடாலியின் கூர்விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு முறை வேணும்," என்றாள் வேலுத்தாய். "எல்லாரும் அடிச்சாச்சு. நான் ஒருத்திதான் அடிக்காதவ. முதல்ல நான் அடிக்கிறேன், பெறகு உங்க கூத்தை நடத்துங்க."

கூட்டம் ஓவென்று சிரித்தது. தவசி வெட்கத்தோடு தலையைக் குனிந்தான். "யாரை அடிக்கிறீங்க மதினி?" என்று செல்லப்பாண்டி கேட்டான்.

"உங்களைத்தான். கோடாலி பிடிக்கிற கையை நீட்டுங்க."

"பழத்துக்கு வலிக்கப்போகுது, மெதுவா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. செல்லப்பாண்டி கோடாலியைக் கீழே வைத்து, சிரிப்பு மாறாமல் வலது கையை நீட்டினான். "அடிங்க மதினி. ஆசை தீர அடிங்க."

அவள் தரையில் கிடந்த உலக்கைக் கனத்துக் கம்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். முதலில் எடுத்தது இலேசாக இருந்ததால் அதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். தலை வேண்டாம், தோள் வேண்டாம், விரல்கள் வேண்டாம். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில், எலும்பு இரண்டும் அருகருகே ஓடும் இடத்தை அவள் பார்வையால் அளந்தாள், பழத்தின் கனத்தை அளப்பதைப் போலவே அளந்தாள். பிறகு இரண்டு கையாலும் கம்பை உயர்த்தி இறக்கினாள்.

சத்தம் அலமாரியிலிருந்து வரவில்லை. மந்தையின் நடுவிலேயே வந்தது. பச்சை மரக்கிளை முறிவது போன்ற சத்தம். செல்லப்பாண்டியின் கை நடுவில் மடிந்து, மடிந்த இடத்தில் தோலைக் கிழித்துக்கொண்டு வெள்ளையாக ஒன்று எட்டிப் பார்த்தது. அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். சிரிப்பு முகத்தை விட்டுப் போகக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அவன் கத்தினான். தை மாதத்திலிருந்து அந்த ஊரில் யாரும் கத்திக் கேட்டதில்லை. குழந்தைகள் அந்தச் சத்தத்துக்கு மிரண்டு தாய்மாரின் சேலைக்குள் புகுந்துகொண்டன. ரத்தம் புழுதியில் விழுந்து, சுருண்டு, கறுத்தது.

"பழம் முடிஞ்சுபோச்சு," என்றாள் வேலுத்தாய். "முடியப்போகுதுன்னு வீடு வீடா வந்து சொன்னேன். யாரும் கேக்கல. இப்பத் தெரிஞ்சுக்கங்க."

கம்பைக் கீழே வைத்தாள். ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. கம்பு வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக, கையிலிருப்பது தங்களுடையது அல்ல என்பது போல், அதைத் தரையில் வைத்தார்கள். மாரீஸ்வரி மட்டும் மண்டியிட்ட இடத்தைவிட்டு எழாமல், கணவனின் கையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த அந்த வெள்ளையைப் பார்த்தபடி, தன் உச்சந்தலையை இரண்டு உள்ளங்கையாலும் மெல்ல மூடிக்கொண்டாள்.

செல்லப்பாண்டியை ஜீப்பில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மரத்திலிருந்து விழுந்ததாகச் சொல்லிக் கட்டுப் போட்டு வந்தார்கள். ஒரு பெண்பிள்ளை உடைத்தாள் என்று எழுதிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. எலும்பு கூடியது, ஆனால் கோடாலி பிடிக்கும் வலு திரும்பவில்லை. அவனுக்குச் சோற்றை மாரீஸ்வரிதான் ஊட்டினாள். ஒருநாள் அவன் இடது கையை ஓங்கியபோது அவள் கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். பசி அவனுக்குத்தான். அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

பெரியதனம் ஊரைக் கூட்டினார். இந்த மண்ணில் இப்படியொரு கொடுமை நடந்ததே இல்லை என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒரு பெண், ஊர் நடுவில், நீட்டிய கையை, இரக்கமில்லாமல், என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். கழுத்தில் வெட்டு வாங்கியவனும் சொன்னான், மண்டையில் மண்வெட்டி வாங்கியவனும் சொன்னான். இன்றுவரை தூவனூரில் வன்முறை என்று பேச்செடுத்தால் அந்த ஒரு சாயங்காலத்தைத்தான் சொல்வார்கள். வேலுத்தாய் இனி மந்தைக்கு வரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அவளுக்கு மந்தையில் வேலையும் இருக்கவில்லை.

மழைக்காலம் போய், மறுபடி செடி நட்டு, மார்கழிப் பனியில் முதல் பழம் சிவந்தது. வேலுத்தாய் பறித்தாள், கழுவினாள், ஒற்றினாள், வெட்டினாள். அலமாரிக் கதவை ஒரு விரல் இடைவெளியோடு சங்கிலியால் பிணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகினாள். கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும் நாளும் உண்டு, தெரியாத நாளும் உண்டு. வெளிச்சம் இருந்தால் பழம் இருக்கிறது என்றோ, பழம் இருந்தால் அது அடி வாங்கும் என்றோ யாராலும் சொல்ல முடியவில்லை. அடி வாங்குமா என்பது அவளுக்கும் தெரியாது, ஆனால் அது ஊருக்குத் தெரியாது. ஜெயசீலன் வந்து புதுச் சரக்கைத் தின்றுபார்த்துவிட்டு, சுவை வெளிறிப்போச்சே அக்கா என்றான். அவள் ஜாடியைத் திரும்ப வாங்கி மூடிவைத்தாள்.

ஒரு சாயங்காலம் தவசி எதற்கோ கோபம் கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான். அவள் பழம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் கை மேலே போயிற்று. போனது அங்கேயே நின்றது. அவன் அலமாரியைப் பார்த்தான், பூட்டைப் பார்த்தான், அவள் மடியிலிருந்த இரண்டு கைகளையும் பார்த்தான்.

"உள்ள பழம் இருக்கா?" என்று கேட்டான்.

வேலுத்தாய் அடுத்த பழத்தை எடுத்து, அடிபட்டிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடிச்சுப் பாருங்க," என்றாள். "தெரிஞ்சுபோகும்."